மூட்டுத் தேய்மான மருந்துகளை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

இரண்டு மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைத்துவிட்டு, "இதில் எதுடா முட்டியைக் காப்பாற்றும்?" என்றார் பெரியம்மா. ஒன்று வலி மாத்திரை, மற்றொன்று குளுக்கோசமைன் என்ற மூட்டுச் சத்து மாத்திரை. பலரும் சறுக்குவது இங்கேதான். வலி குறைந்தால் தேய்மானமும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம்.

2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முட்டித் தேய்மானம் உள்ள 140 பேரில் பாதிப் பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. மூட்டில் எலும்பு முனைகளுக்கு மெத்தை போலிருக்கும் குருத்தெலும்போ ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு 0.21 மி.மீ., உப்புநீர்க்காரர்களுக்கு 0.10 மி.மீ. மெலிந்திருந்தது. ஸ்பிரிஃபெர்மின் என்ற ஊசியின் கதை நேர் எதிர். குருத்தெலும்பு சற்றே தடித்தது. வலி மட்டும் மருந்தில்லா ஊசி போட்டவர்களைவிடக் குறையவில்லை. ஆகவே எந்த மருந்தைப் பற்றிப் படித்தாலும், எதை அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

அடுத்த சறுக்கல், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லா வெற்று மாத்திரையை மறப்பது. 2006இல் 1,583 பேரிடம் நடந்த 'கெய்ட்' ஆய்வில், 24 வாரத்தில் குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கு வலி தணிந்தது. பிரமாதமாகத் தெரிகிறது, இல்லையா? வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலும் 60 சதவீதத்தினருக்குத் தணிந்தது! அந்த நான்கு சதவீத இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. செலிகாக்ஸிப் என்ற வலி மாத்திரை 70 சதவீதத்தைத் தொட்டது, அதுவும் வலிக்குத்தான்.

எக்ஸ்-ரேயிலும் ஒரு கண்ணி உண்டு. போன ஆண்டு படுத்தபடி எடுத்ததையும் இந்த ஆண்டு நின்றபடி எடுத்ததையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து, "இடைவெளி குறைந்துவிட்டது, மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். நிற்கும்போது உடல் எடை முட்டியை அழுத்துவதால் மூட்டு இடைவெளி சுருங்கித்தான் தெரியும்.

பக்கவிளைவை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவது இன்னொன்று. வலி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பெரியம்மாவின் டப்பாவில் ரத்த அழுத்த மாத்திரையும் அதன் பக்கத்திலேயே கிடக்கிறது.

தேய்மானத்தைத் தடுக்கும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதுவரை எந்த மருந்துக்கும் ஒப்புதல் தரவில்லை. அதைச் சொன்னதும் பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. வலி மாத்திரைக்குப் பதிலாக முட்டியில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் போதுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.