சிலம்பம் பார்க்க வேண்டுமா? மேடையை விட்டு மைதானத்துக்குப் போங்கள்

விடுமுறைக்குத் தமிழ்நாடு வருகிறவர்கள் பலர் பிள்ளைகளுக்குச் சிலம்பம் காட்ட ஆசைப்பட்டு, ஏதோ ஒரு விழா மேடையில் தீப்பந்தம் சுற்றுவதைப் படம் பிடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அது கண்ணைப் பறிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளி மைதானத்திலோ கோயில் திடலிலோ பொழுது சாயும் நேரத்தில் ஆசான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வேலை வாங்குவதைப் பார்த்தால்தான் இந்தக் கலை பிடிபடும்.

அந்தத் திடலைக் கண்டுபிடிக்க இணையத்தை நம்ப வேண்டாம். விளம்பரம் செய்கிறவர்களே அங்கே முதலில் வருவார்கள். மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் சொந்தபந்தம் இருந்தால், பக்கத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். மாணவர்களைப் போட்டிக்கு அழைத்துப் போகிறவருக்கு அந்த வட்டாரத்து ஆசான்களைத் தெரிந்திருக்கும். மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் கேட்டாலும் அடுத்த போட்டி எங்கே என்று சொல்வார்கள்.

மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. பெரிய பிள்ளைகள் கம்பைத் தொடுவது அரிது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மைதானத்தைப் பிடித்துக்கொள்ளும். மே மாதத்தில் கோடைப் பயிற்சி முகாம்கள் உண்டு, வெயிலுக்குத் துணிந்தவர்களுக்கு. என்னைக் கேட்டால், வருவதற்குத் தை மாதம்தான் சிறந்தது.

போட்டிக்குப் போவதாக இருந்தால் ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். காலையில் தொடங்கும் என்று அறிவித்தது விருந்தினர் வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி முடிந்த பிறகுதான் தொடங்கும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக, அதாவது அறிமுகத்துக்காகச் சேர்க்கப்படும் விளையாட்டாக, இடம்பெற்றது. கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு, சுருள்வாள் (வளைந்து சுருளும் மெல்லிய உலோக வாள்) போன்ற தனித்திறமைப் பிரிவுகளுக்குத்தான் கூட்டம் அலைமோதும். தொடுமுறைக்குப் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் எழுந்துவிடாதீர்கள்.

தொடுமுறையில் எடைப் பிரிவு வாரியாக இருவர் வட்டத்துக்குள் மோதுவார்கள். அடியின் பலத்துக்கு இங்கே மதிப்பில்லை, எதிராளியின் உடம்பைக் கம்பு தொட்டால் புள்ளி. பழைய நாளில் கம்பு நுனியில் ஒட்டும் பொருளைத் தடவி, உடம்பில் விழுந்த தடங்களை எண்ணினார்கள். இன்று தலைக்கவசமும் மார்புக்கவசமும் வந்துவிட்டன. வேடிக்கை பார்க்கும்போது கம்பின் பின்னால் கண்ணை ஓடவிடாமல் கால்களைப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரன் அடியைத் தடுப்பதைவிட, அரை அடி விலகி அதை வெறுங்காற்றில் விழவைப்பதையே விரும்புவான். விலகிய அதே காலை ஊன்றித் திரும்பும்போது அவன் கம்பு எதிராளியின் தோளில் இருக்கும்.

அந்த விலகலைத்தான் காலடி என்று முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆகவே மூன்று வார விடுமுறையில் மகளைச் சேர்த்துவிட்டு, "இன்னும் கம்பைச் சுற்றவே சொல்லித்தரவில்லையே, மாஸ்டர்" என்று குறைப்படாதீர்கள். காலடியும் வணக்க முறையும் ஒழுங்காக வந்தாலே அந்த மூன்று வாரம் வீணில்லை. கற்றதை ஊர் திரும்பியும் கம்பில்லாமலே பழகலாம். கட்டணத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு, கடைசி நாளில் கையில் எதையோ திணிப்பது இருவருக்கும் சங்கடம். வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுத்தால் ஆசானுக்கு மனம் நிறையும்.

களத்தில் செருப்போடு கால் வைக்காதீர்கள். தரையில் கிடக்கும் கம்பைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். சுற்றும் கம்பு, ஆளின் கையையும் சேர்த்தால், நீங்கள் நினைப்பதைவிடத் தூரம் எட்டும். கைப்பேசியை நீட்டிக்கொண்டு கிட்டப் போகிறவர்களை ஆசான் அதட்டினால் அது அக்கறைதான்.

கம்பு வாங்குவதென்றால் ஆசானே தேர்ந்து தரட்டும். நெற்றி உயரம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அந்த நீளத்தை விமானத்தின் உள்ளே எடுத்துப்போக விடமாட்டார்கள்; சரக்குப் பகுதியில் போடுவதற்கும் விமான நிறுவனத்தின் நீள வரம்பை முன்கூட்டியே கேட்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்வோர் மூங்கிலையும் பிரம்பையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும், பூச்சி அரித்த தடம் இருந்தால் பறிபோகலாம். மான்கொம்பு ஆயுதத்தை யாராவது "அசல் கொம்பு" என்று விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சுருள்வாளையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் வாழும் நாட்டுச் சுங்க அதிகாரிக்கு அது வெறும் வாள்.