கழற்ற முடியாமல் இறுகிப்போன பின்சக்கர ஹப்

என் பழைய காரில் பின்பக்கம் பிரேக் டிரம்மும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) ஹப்பும் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) ஒரே வார்ப்பு. தூத்துக்குடி உப்புக்காற்றில் நின்ற வண்டி. பேரிங் சத்தம் போடவே கழற்ற உட்கார்ந்தேன். மூடியைத் தட்டி எடுத்து, நட்டு கழலாமல் காக்கும் காட்டர் பின்னை உருவி, நடு நட்டையும் கழற்றியாயிற்று. டிரம் அசையவே இல்லை.

முதலில் சுத்தியலால் விளிம்பில் தட்டினேன். அது தவறு. வார்ப்பிரும்பு ஓங்கி அடித்தால் உடைந்துவிடும். பிறகுதான் காரணம் புரிந்தது: பிரேக் ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்முக்குள் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஓரத்தில் நின்ற மேடு ஷூவில் மாட்டிக்கொண்டு வெளியே வர விடவில்லை. ஹேண்ட்பிரேக்கை இறக்கி, அதன் கேபிளையும் நன்றாகத் தளர்த்தினேன். (முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும், வண்டிக்கு அடியில் ஸ்டாண்டும் இருந்தே ஆக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்.)

அடுத்து துரு. ஹப் சுழலும் அச்சான ஸ்பிண்டிலில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் நடு நட்டை நாலு மரை மட்டும் திரும்ப ஏற்றினேன். டிரம் திடீரென்று பிடுங்கிக்கொண்டால் அது தாங்கும். பக்கத்துப் பட்டறை அண்ணனிடம் ஸ்லைடு ஹேமர் (கம்பியில் வழுக்கும் எடையால் வெளிப்பக்கமாக அடித்து இழுக்கும் கருவி) இரவல் வாங்கி, வீல் போல்ட்டுகளில் பூட்டி இழுத்தேன். ஐந்தாவது இழுப்பில் விட்டுக்கொடுத்தது.

உள்ளிருந்த பிரேக் தூசியை ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தேன். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கக்கூடும். பேரிங், சீல், காட்டர் பின் மூன்றும் புதிது போட்டேன். சத்தம் போயிற்று.