விஞ்ஞானத் தவணைத் திட்டம் எங்கே பிழைக்கிறது?

வன்னிப் பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்களின் விஞ்ஞானத் தவணைத் திட்டங்களில் கையெழுத்து மட்டும்தான் மாறுகிறது, பிழைகள் பழையவை. அலகு விடுபடுவது, திகதி மாறுவது எல்லாம் யாரும் கண்டு திருத்தக்கூடியவை. அவற்றை விடுவோம்.

முன்னாயத்த நாளை எழுதாமல் விடுவது

தரம் 11 ஒளித்தொகுப்பு. திட்டத்தில் 'மாப்பொருட் சோதனை, 1 பாடவேளை' என்று இருக்கும். அன்று காலை மதிலோரச் செவ்வரத்தையில் ஓர் இலைக்குக் கறுப்புத் தாள் சுற்றி, இடைவேளைக்குப் பிறகு பறித்து, அயடீன் விட்டால் மூடிய பகுதியும் சேர்ந்து கருநீலமாகும். நேற்றைய மாப்பொருள் இலைக்குள் அப்படியே இருக்கிறதே! அதற்குப் பிறகு நடப்பதுதான் எரிச்சல்: "இது கறுக்கக் கூடாது பிள்ளையள், சோதினைக்கு மாறி எழுதுங்கோ." கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் காணாததை எழுதப் பழக்குகிறோம்.

இதற்கு வேண்டியது 48 மணி நேர இருட்டு. பூச்சாடிச் செடியை வெள்ளி பாடசாலை விட்டதும் நீரூற்றி அலுமாரிக்குள் வையுங்கள். திங்கள் காலை 7.30க்கு எடுத்து, இலையின் ஒரு பகுதிக்கு இரு பக்கமும் தாள் பொருத்தி வெயிலில் விடுங்கள். 11.30க்குப் பறிக்கலாம். சோதனைக்கு இரட்டைப் பாடவேளை வேண்டும். மதுசார விளக்கில் நீர் கொதிக்கவே பாதி நேரம் போய்விடும் என்பதால் சுடுநீர்ப் போத்தலில் கொதிநீர் கொண்டுவருவது நல்லது.

இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு எடுங்கள். விளக்கை அணைத்த பிறகே எதனோலைத் திறக்க வேண்டும். அது 78 பாகை செல்சியசில் கொதிப்பதால், இலையும் எதனோலும் உள்ள கொதிகுழாயை முகவையின் சுடுநீருக்குள் நிறுத்தினாலே போதும். பச்சை கழன்றதும் இலை நொறுங்கும் பதத்தில் இருக்கும், இளஞ்சூட்டு நீரில் தோய்த்து வெள்ளை ஓட்டில் விரித்து அயடீன் விடுங்கள். திங்கள் போயா (முழுநிலா நாள்) விடுமுறை என்றால் செடியை அலுமாரிக்குள்ளேயே விட்டு, திங்கள் வேலைகளை ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

துருப்பிடித்தலும் இப்படித்தான். நான்கு குழாய்: கல்சியம் குளோரைட்டுடன் உலர்ந்தது, கொதிக்கவைத்து ஆறிய நீரின் மேல் தேங்காய் எண்ணெய் விட்டது, வெறும் நீர், உப்பு நீர். ஆணிகளைப் பாடத்தன்று போட்டால் அன்று நாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு கிழமை முன்பே போட வேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்தார் உப்பு நீருக்கு நந்திக்கடல் களப்புத் தண்ணீரையே ஒரு போத்தலில் எடுக்கலாம்.

திட்டத்தாளில் 'முன்னாயத்தத் திகதி' என்று ஒரு நிரலைக் கோடு போட்டுச் சேருங்கள். பாடத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நிரப்ப வேண்டும்.

குளம் பார்க்கப் போகும் மாதம்

ஓகஸ்ட், செப்ரெம்பரில் சிறுகுளங்கள் வெடித்துக் கிடக்கும், நீர்ச்சூழற்றொகுதிக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நவம்பர், டிசம்பரில் மழை. வெள்ளம் வந்தால் பாடசாலையே இடைத்தங்கல் முகாமாகும், 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கண்டதுதான். பெப்ரவரிதான் தோது: குளத்தில் நீர் நிற்கும், கரையும் காய்ந்திருக்கும். அலகின் மற்றப் பாடங்கள் பிந்தி வந்தாலும் களவேலையை முன்னே இழுங்கள், குறிப்புகளும் படங்களும் பிறகு உதவும்.

பாடவேளைகளை முழுதாக எண்ணுவது

வாரத்துக்கு 5, 13 வாரம், ஆக 65 என்று பெருக்கிவிடுகிறார்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டி, தவணைப் பரீட்சை, போயா எல்லாம் இதிலிருந்துதான் கழியும். 50க்குத் திட்டமிடுங்கள். மிஞ்சினால் கடந்தகால வினாத்தாள் இருக்கவே இருக்கிறது.

கணித ஆசிரியரிடம் கேட்காதது

வேக–நேர வரைபில் படித்திறன் எடுக்கச் சொல்லுமுன், கணிதத்தில் அது படிப்பித்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

அயடீன் போத்தல்

தவணை தொடங்கமுன் திறந்து பாருங்கள். வெளிறியிருந்தால் சோற்றுக் கஞ்சியில் ஒரு துளி விடுங்கள். கறுக்காவிட்டால் அன்றே பொருட்கேட்புப் பட்டியலில் எழுதுங்கள்.