புதுசா அப்பாவாகுறவங்க செய்ற தப்புகள்

“ஒனக்கென்ன, நீயா பெத்த?” மூத்தவ பொறந்தப்போ நான் மூஞ்சிய தூக்கி வச்சிருந்ததுக்கு கெடச்ச பதில் இதுதான். புள்ள பொறந்தப்புறம் அப்பாமாருக்கும் மன அழுத்தம் வரலாம், அதுல நாம செய்ற தப்புகளத்தான் சொல்றேன். அப்போ எனக்கு கொழும்புல கடை வேலை, மாசம் ஒருக்கா நைட் மெயில் ஏறி ஹட்டன்ல எறங்கி பஸ் புடிச்சு தோட்டத்துக்கு போனா லயத்து காம்பராவுல (தோட்டத்து வரிசை வீட்டு ரூம்) அம்மா, மாமியார், பொஞ்சாதி, புள்ள, எனக்கு எடம் இஸ்தோப்புலதான், அதாவது முன் திண்ணையில.

மொத தப்பு அங்கயே ஆரம்பிக்குது. பச்ச ஒடம்புக்காரிய பொம்பளைங்க பாத்துக்கட்டும்னு நாமளே ஒதுங்கி நின்னுர்றோம், அப்புறம் புள்ள நம்ம கைக்கு வந்தா வீறிட்டு அழுவுது, இது எனக்கு ஒத்துவராதுன்னு நாமளே முடிவு கட்டிர்றோம். புள்ளயோட பாசம் தூக்கி, துடைச்சு, தூங்க வச்சுத்தான் ஊறுது, அதுவரைக்கும் ஒண்ணும் தோணலன்னா நீங்க கெட்ட அப்பன் இல்ல.

அடுத்தது, மன அழுத்தம்னா அழுதுகிட்டு மூலையில உக்காந்திருக்கிறதுன்னு நெனைக்கிறது. ஆம்பளைங்களுக்கு பெரும்பாலும் அப்படி தெரியாது. சும்மா சும்மா எரிஞ்சு விழுவான், வீட்டுக்கு வராம ஓவர்டைம் பண்ணுவான், தண்ணி கூடும். சுத்தி இருக்கிறவங்க பொறுப்பில்லாதவன்னு சொல்லிருவாங்க (நானும் இன்னொருத்தன அப்படி சொல்லிருக்கேன், இப்ப நெனைச்சா வெக்கமா இருக்கு). இதை கண்டுபுடிக்க டாக்டர்மார் கேக்குற பத்து கேள்வி ஒண்ணு இருக்கு, 1987ல அம்மாமாருக்குன்னு எடின்பரோவுல செஞ்சது, அதை அப்பாமாருக்கு போட்டு பாக்கும்போது கொறஞ்ச மார்க்குக்கே கவனிக்கணும்ங்கிறாங்க, ஏன்னா நாமதான் அழுதேன்னு ஒத்துக்க மாட்டமே.

தீட்டு கழிச்சு பேர் வச்சா எல்லாம் சரியாயிரும்னு காத்திருக்கிறதும் தப்பு. 2010ல 43 ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தப்போ சுமார் பத்து அப்பாமார்ல ஒருத்தருக்கு இந்த மன அழுத்தம் இருந்துச்சு, அதுவும் கூடுதலா புள்ளைக்கு மூணுலருந்து ஆறு மாசம் ஆகையில, அதாவது பாக்க வந்த சொந்தக்காரங்க எல்லாம் போயி கடன் கணக்கு மட்டும் வீட்டுல இருக்கிற நேரம். பொஞ்சாதி மனசு சரியில்லன்னா புருஷனுக்கும் வர வாய்ப்பு கூட, அதனால மிட்வைப் வீட்டுக்கு வந்தா வெளிய நழுவாதீங்க, பக்கத்துல உக்காந்து உங்க தூக்கம் கெட்டுப் போனதையும் சேத்து சொல்லுங்க.

தண்ணி பத்தி ஒரே வார்த்த: ஒரு போத்தல் போட்டா தூக்கம் வரும்னு நெனைப்போம், பாதி ராத்திரியில முழிப்பு வந்துரும், மறுநா இன்னும் மோசம்.

செத்துரலாம்னு, இல்லாட்டி புள்ளய ஏதாவது பண்ணிருவேனோன்னு யோசன வந்தா அன்னைக்கே புள்ளய வேற ஒருத்தர் கையில குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, இல்லன்னா இலங்கையில 1926ங்கிற நம்பருக்கு போன் எடுங்க, 24 மணித்தியாலமும் ஆள் இருப்பாங்க. தேசிய மனநல நிறுவகத்து லைன் அது, நாம அங்கொடைன்னு சொல்லி கிண்டல் பண்ற அதே எடந்தான்.