பொறியியல் பேரவையில் பதிவு செய்வதற்கு ஆயத்தமாவது எப்படி?

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பட்டம் பெற்றவரும், அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் உயர் தேசிய பொறியியல் டிப்ளோமா முடித்தவரும், சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தொழில் புரியும் உரிமையும் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுண்டு. அது சரியன்று. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டம், பொறியியல் தொழில் புரிவோர் பேரவையில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது.

முதலில் உங்களுக்குரிய பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டயப் பொறியியலாளர் (Chartered Engineer), இணைப் பொறியியலாளர் (Associate Engineer), டிப்ளோமாதாரர், தொழினுட்பவியலாளர் எனப் பல பிரிவுகள் உள்ளன. தகுதிக்கு மேற்பட்ட பிரிவில் விண்ணப்பிப்பதால் காலம்தான் வீணாகும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தையும் பேரவையையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிடையே பலர். முன்னது 1906இல் தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்து 1968இல் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட உறுப்பினர் அமைப்பு. பின்னது பதிவேட்டை வைத்திருக்கும் அதிகாரசபை. பட்டதாரி ஒருவர் பட்டயத் தகுதிக்கு முன்னதன் மதிப்பீட்டினூடாகச் செல்வதே வழக்கமான பாதை.

அந்த மதிப்பீட்டில் பெரும்பாலானோர் தடுமாறுவது அனுபவக் குறிப்பில்தான். 'கல்முனையில் இரண்டுமாடிக் கட்டடத்தை மேற்பார்வை செய்தேன்' என்று எழுதினால் அதில் உங்கள் பங்கு எதுவும் தெரியாது. கடலோர மணலில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே நின்றது, அத்திவாரக் கிடங்கில் நீரை எப்படி இறைத்தீர்கள், உப்புக்காற்றைக் கருதிக் கம்பிக்கு வெளியே கொங்கிரீட் மூடலை ஏன் கூட்டினீர்கள், 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் கொங்கிரீட்டின் வலிமையை அளக்கும் கியூப் சோதனை என்ன காட்டியது, குறைந்த பெறுமானம் வந்தபோது யாருக்கு அறிவித்து என்ன முடிவெடுத்தீர்கள் என்பவற்றையே எழுதவேண்டும். இவற்றை வேலை நடக்கும் நாளிலேயே ஒரு கொப்பியில் குறித்துவைத்து, மேலதிகாரியிடம் மாதந்தோறும் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் இடமாற்றம் பெற்று வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போன பின்னர் நான்கு ஆண்டுக் குறிப்புக்கு ஒப்பம் தேடுவது பெரும்பாடு. நான் அந்தப் பாட்டை ஒருமுறை பட்டவன்.

ஆவணங்களில் பெயரே பெரிய சிக்கல். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுமையாகவும், அடையாள அட்டையில் முதலெழுத்தாகவும், பட்டச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். வேறுபாட்டை விளக்கும் சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் செய்து, விண்ணப்பத்துக்கு முன்பே ஆயத்தமாக வையுங்கள். தமிழில் உள்ள ஆவணத்துக்கு மொழிபெயர்ப்புக் கேட்கப்பட்டால், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே பெறவேண்டும்.

கட்டணமும் படிவமும் காலத்துக்குக் காலம் மாறும் என்பதால், தெரிந்தவர் அனுப்பிய பழைய பிரதியை நிரப்பாமல் பேரவையிடமே நேரடியாகப் பெறுங்கள். பதிவு கிடைத்ததும் இலக்கத்தையும் பிரிவையும் சரிபார்த்து, உங்கள் ஒப்பத்தின் கீழ் அந்தப் பிரிவையே எழுதுங்கள். இணைப் பொறியியலாளராகப் பதிந்தவர் வரைபடத்தில் பட்டயப் பொறியியலாளர் என்று ஒப்பமிடக்கூடாது. வீடு கட்டுவிப்பவர் அவசரப்படுத்தினாலும் கூடாது.