ஆயில் மாற்ற காருக்கு அடியில் படுக்க வேண்டாம்

எஞ்சின் ஆயிலை மேலிருந்தே எடுத்துவிடலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்தத் துளை வழியே ஆயில் உறிஞ்சும் கைப்பம்பின் மெல்லிய குழாயை இறக்குங்கள். ஜாக்கி வேண்டாம், அடியிலுள்ள போல்ட்டையும் கழற்ற வேண்டாம்.

பெரும்பாலான கார்களில் அந்தத் துளை ஆயில் தொட்டியின் அடிவரை வழிவிடும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி விறுவிறுவென ஏறும். விரைவுச்சாலையில் ஓட்டி வந்த சூட்டோடு மட்டும் கை வைக்காதீர்கள், வெந்துவிடும். எடுத்ததைப் பழைய 4 லிட்டர் டப்பாவில் ஊற்றி, கையேட்டில் ஃபில்டர் சேராமல் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். எடுக்கும் முன் டிப்ஸ்டிக் மேல்கோட்டைக் காட்டியும் அரை லிட்டர் குறைகிறதா? குழாய் அடியைத் தொடாமல் இருக்கலாம். சற்று இழுத்து மறுபடி இறக்குங்கள்.

டிப்ஸ்டிக்கே இல்லாத சில ஐரோப்பிய கார்களுக்கு இது ஆகாது. ஃபில்டர் அடியில் இருந்தால் எப்படியும் குனியத்தான் வேண்டும், அதற்குப் பட்டறையே மேல். தரைவீட்டுப் போர்ச்சில் செய்யலாம். வீவக (அரசு அடுக்குமாடி) கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள், சிங்கப்பூரில் மழைநீர் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. வழக்கமாகப் போகும் பட்டறையில் வாங்கிக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.