காம்போனென்ட் ஸ்பீக்கரை ஆம்புடன் இணைப்பது: மலையில் கார் ஓட்டுபவர்களுக்கு

காம்போனென்ட் செட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று உருப்படிகள் இருக்கும்: வூஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர். ஆம்பிலிருந்து (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வரும் ஒலியைப் பிரித்து, கீழ்ச்சுருதியை வூஃபருக்கும் மேல்சுருதியை ட்வீட்டருக்கும் அனுப்புவதுதான் கிராஸ்ஓவரின் வேலை.

1. முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள்.

2. அடுத்து கிராஸ்ஓவருக்கு இடம். பலர் கதவுக்குள் திருகிவிடுகிறார்கள். நீலகிரியில் அது வேண்டவே வேண்டாம். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாக கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள ஓட்டைகளில் வெளியேறும். கதவின் அமைப்பே அப்படித்தான். கூடலூரில் தென்மேற்குப் பருவமழை, குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்கு, நடுவில் மூடுபனி. உள்ளே இருக்கும் காயிலும் கப்பாசிட்டரும் எத்தனை நாள் தாங்கும்? டேஷ்போர்டுக்கு அடியில், கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் வையுங்கள். ஆம்பை சீட்டுக்கு அடியில் வைப்பதானால் கார்பெட் மேல் நேரடியாக வேண்டாம். ஈரச் செருப்போடு ஏறும் ஊர் இது. ஒரு பிளைவுட் துண்டின் மேல் திருகுங்கள்.

3. வூஃபரை இணைக்கும் முன் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அதன் டெர்மினலில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்கு பிளஸ் பட்டால் கோன் (வூஃபரின் முன்பக்கக் கூம்பு) வெளியே தள்ளும். ட்வீட்டரில் இந்தச் சோதனை கூடாது.

4. ஆம்பின் இடது பிளஸ், மைனஸ் இரண்டும் இடது கிராஸ்ஓவரின் இன்புட்டுக்கு. அதன் வூஃபர் அவுட் வூஃபருக்கு, ட்வீட்டர் அவுட் ட்வீட்டருக்கு. இவை இரண்டும் மாறினால் ட்வீட்டர் கருகிவிடும். வலது பக்கமும் இப்படியே. கோடு போட்ட ஒயர்தான் மைனஸ் என்று முடிவு செய்தால் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் தலைகீழானால் பாஸ் காணாமல் போகும். ஸ்பீக்கர் மைனஸை கார் பாடியில் எர்த் செய்யவே கூடாது. ஆம்பே போய்விடலாம்.

5. பவர் ஒயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ். தகடு துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். ஆம்பின் எர்த் ஒயர் குட்டையாக இருக்கட்டும். கார் பாடியில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்குங்கள். அப்புறம் ஸ்டீரியோவிலிருந்து ரிமோட் ஒயரும் (ஆம்பை ஆன் செய்வது) ஆர்சிஏ கேபிளும் (ஒலி சிக்னலைக் கொண்டுவருவது). ஆர்சிஏ, பவர் ஒயருக்கு எதிர்ப்பக்கமாகப் போகட்டும்.

6. எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்து, பேட்டரி மைனஸைத் திரும்ப மாட்டுங்கள். ஆம்பில் ஹைபாஸை (ரொம்பக் கீழ்ச்சுருதியை வடிகட்டும் செட்டிங்) 80 ஹெர்ட்ஸ் அருகே வைத்து, கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ட்வீட்டர் காதைக் குத்தினால் கிராஸ்ஓவரில் மைனஸ் 3 டெசிபல்லுக்கு மாற்றலாம்.

பர்லியாறு தாண்டி குன்னூர் ஏறும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு விசில் சத்தமும் கூடவே ஏறுகிறதா? ஸ்பீக்கரைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் எர்த் ஸ்க்ரூவை இறுக்குங்கள், பிறகு ஆர்சிஏ போகும் வழியைப் பாருங்கள்.